தாது வருஷத்தின் கடல்

என் குறிப்பேட்டின் முதல் பக்க ஓரத்தில் 1877 என்று பென்சிலால் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டிருந்தேன். அந்த எண் எப்படித் தவறாகிப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. சென்னராயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் இருக்கும் பழைய ஓவியங்களைப் பார்க்கத்தான் அன்று போயிருந்தேன். திரும்பும் வழியில் காலபைரவர் கோயில் பக்கம் சாம்பல் பூசணி விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் தண்ணீர் கேட்டேன். தேய்பிறை அஷ்டமிக்கு அங்கே பூசணியை அறுத்து விளக்கேற்றுவார்கள். வெயில் கடுமை. “மழையே காணோமே பாட்டி” என்று பேச்சுக்குச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“இதெல்லாம் ஒரு காய்ச்சலா கண்ணு? எங்க பாட்டியோட அம்மா தாது வருசத்துல பொழச்சு வந்தவங்க. எறும்புப் புத்தத் தோண்டி, அதுல எறும்பு சேத்து வெச்சிருந்த சாமையச் சலிச்சுக் கஞ்சி காச்சிக் குடிச்சாங்களாம். ஆடியிலயும் பேயல, ஐப்பசியிலயும் பேயல. அடுத்த வருசம் கொட்டோகொட்டுன்னு கொட்டுச்சாம். ஏர் பூட்ட மாடும் இல்ல, ஆளும் இல்ல.”

எறும்புப் புற்று என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டேன். மாதங்களை எழுதிக்கொண்டேனே தவிர, கவனிக்கவில்லை. பக்கத்தில் 1877 என்று குறித்தேன். காரணம், எனக்கு அப்போது தெரிந்த கதை இதுதான்: 1877இல் பசிபிக் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியது, எல் நினோ என்று இன்று நாம் சொல்லும் நிலை, அதனால் இந்தியாவில் பருவமழை பொய்த்தது, பஞ்சம் வந்தது. கடல் சூடானால் பஞ்சம், குளிர்ந்தால் மழை. இந்தச் சூத்திரம் பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் இருப்பதுதான். நானும் அதை நம்பியிருந்தேன்.

முதல் உறுத்தல் பஞ்சாங்கத்திலிருந்து வந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது பத்தாவது. ஒவ்வொரு தமிழ் ஆண்டும் சித்திரையில் பிறக்கும். பாட்டி சொன்ன தாது 1876 ஏப்ரல் நடுவில் பிறந்து 1877 ஏப்ரலில் முடிந்தது. அதற்கு அடுத்தது ஈசுவர ஆண்டு. தாது 1936இலும் 1996இலும் மறுபடி வந்திருக்கிறது. ஆகவே பாட்டி சொன்னது 1936ஆக இருக்குமோ என்றும் யோசித்துப் பார்த்தேன். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். பாட்டியின் அம்மா என்றால் நான்கு தலைமுறை. கணக்கு 1876க்குத்தான் பொருந்துகிறது. தமிழ்நாடெங்கும் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று பேர் பெற்றதும் அதுதான். 1936க்கு அப்படியொரு பேர் இல்லை.

அப்படியானால் தாது ஆண்டின் ஆடி 1876 ஜூலை–ஆகஸ்டு. ஐப்பசி 1876 அக்டோபர்–நவம்பர். இரண்டுமே 1877க்கு முந்தியவை. என் வட்டத்துக்குள் இருந்த எண்ணுக்கும் மக்கள் வைத்த பேருக்கும் நடுவே ஓர் ஆண்டு இடைவெளி. வாய்மொழிச் சாட்சியத்தில் ஓராண்டு முன்பின் ஆவது சகஜம் என்று முதலில் அதைத் தள்ளிவைத்தேன். ஆவணங்களைப் பார்த்த பிறகு தள்ளிவைக்க முடியவில்லை.

அன்றைக்குத் தருமபுரி தனி மாவட்டம் இல்லை. சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் பிரிந்தது. எனவே தேட வேண்டியது சேலம் ஆவணங்களில். லெஃபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த கெசட்டியரும் முதலில் கைக்கு வந்தவை. இவற்றை வாசிக்க ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும்: பசலி. நில வரிக் கணக்குக்கான ஆண்டு அது; ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் கடைசியில் முடியும். ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் அந்த ஜூலையில் பிறக்கும் பசலி கிடைக்கும். 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை பசலி 1286. பயிர் பொய்த்தால் வரியில் தள்ளுபடி கொடுப்பார்கள். அதற்கு வஜா என்று பேர். ஆக ஒரே பஞ்சத்துக்கு மூன்று நாள்காட்டிகள்: கிராமத்தாருக்குத் தாது, கர்ணத்துக்குப் பசலி 1286, கலெக்டருக்கு 1876–77. மூன்றும் வெவ்வேறு நாளில் தொடங்குபவை. ஆனால் 1876ஆம் ஆண்டின் ஆடியும் ஐப்பசியும் மூன்றிலுமே ஒரே ஆண்டுக்குள் விழுகின்றன. 1877 என்ற ஒற்றை ஆங்கில ஆண்டால் எண்ணியதுதான் என்னைத் தடுமாற வைத்தது.

பஞ்சத்தின் கனத்தைக் குடிக்கணக்கு காட்டுகிறது. 1871இல் சேலம் மாவட்டத்தில் 19,66,995 பேர். 1881இல் 15,99,595. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய கூட்டத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. இந்தக் குறைவு முழுவதையும் சாவு என்று எழுதிவிடக் கூடாது. இலங்கைக்கும் பிற இடங்களுக்கும் கூலிக்குப் போனவர்கள் உண்டு. 1871இல் எண்ணிய முறையிலும் குறை உண்டு. இருந்தாலும் அதே காலத்தில் காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சாவூர் மாவட்டம் 19,73,731இலிருந்து 21,30,383ஆகக் கூடியிருக்கிறது. இரண்டு மாவட்டமும் 1871இல் ஏறக்குறைய ஒரே அளவு. ஆற்றுத் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம் எது, எட்டிய நிலம் எது என்பதை இந்த நான்கு எண்களே சொல்லிவிடும். அதியமான்கோட்டை முதல் வகை. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் வானத்தை நம்பி விளைகிற புன்செய். ஏரியும் கிணறும் நிறைந்தால்தான் நன்செய்.

பஞ்ச நிர்வாகம் பற்றி வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகள் எழுதியிருக்கிறார். கஞ்சித் தொட்டிகள், நிவாரண வேலை முகாம்கள், வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் வேலையாட்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையுமாகக் குறைத்தது, சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடியது எல்லாம் அதில் உண்டு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பாறை உடைக்கும் ஆளுக்கு அதுதான் முழுநாள் சாப்பாடு. மழை பொய்த்தது இயற்கை. ஆட்கள் அவ்வளவு பேர் சாக வேண்டியிருந்தது இயற்கை இல்லை. இதைச் சொல்லாமல் கடலைப் பற்றி மட்டும் பேசினால் அந்த மக்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். என் தேடலுக்கு டிக்பியிடமிருந்து கிடைத்தது வேறொன்று: தேதிகள். டெம்பிள் 1877 ஜனவரியில் வந்து கூலியைக் குறைக்கிறார் என்றால், அதற்குள் நிவாரண வேலையில் லட்சக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள் என்று பொருள். அதாவது பஞ்சம் 1876 முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு தக்காணத்திலும் மைசூரிலும் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. பிறகு சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றியது. ஆடியிலயும் பேயல, ஐப்பசியிலயும் பேயல.

பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே காரணம் தேடியவர்கள் உண்டு. டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் 1877இல் தென்னிந்திய வறட்சி, பஞ்சச் சுழற்சி பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். சென்னையின் மழைப் பதிவுகளை எடுத்து, சூரியனில் கரும்புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதோடு பொருத்திப் பார்த்தார். புள்ளி குறையும்போது மழை குறைகிறது என்பது அவர் முடிவு. வாசிக்கும்போது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. பின்வந்த ஆண்டுகளின் மழை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது: மழை பொய்ப்பதில் ஒரு சுழற்சி இருக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டது சரி, தேடிய இடம்தான் வேறு. வானிலைத் துறையில் முதல் அறிக்கையாளராக இருந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1880இல் ரஷ்யாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே காற்றழுத்தம் ஏற்றப்பலகை போல ஏறி இறங்குவதை எழுதினார். தென் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் டாட் 1888இல், இந்தியா வறண்ட ஆண்டுகளில் தம் நாடும் வறள்வதைக் கவனித்தார். 1904இல் இந்தியா வந்த கில்பர்ட் வாக்கர், உலகெங்குமிருந்து அழுத்தக் கணக்குகளைச் சேர்த்து, 1920களில் அதற்குத் ‘தெற்கத்திய அலைவு’ என்று பேர் வைத்தார். அது கடலின் சூடு குளிர்ச்சியோடு கட்டுண்டது என்பதைத் தெளிவாகச் சொன்னவர் ஜேக்கப் பியர்க்னஸ், அது 1969இல்.

இனிமேல் கடலுக்குள் போக வேண்டும். பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதியில் காற்று வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அண்டாவில் குளிர்ந்த தண்ணீரின் மேல் வெந்நீர் ஊற்றி ஒரு பக்கமிருந்து விசிறினால் மேல்மட்டச் சூட்டுத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். விசிறும் பக்கம் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். பெரு நாட்டுக் கரையில் நடப்பது அதுதான். காற்று பலத்தால் கிழக்குப் பசிபிக் இன்னும் குளிரும், சூடு முழுக்க இந்தோனேசியப் பக்கம் குவியும். அது லா நினா. காற்று தளர்ந்தால் குவிந்த சூடு கிழக்கே வழிந்து வரும். அது எல் நினோ. எங்கே கடல் சூடோ அங்கே மேகம் எழும்பும். எழும்பிய காற்று வேறோர் இடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கும் இடத்தில் மழை இல்லை. ஒரு கடல் குளிர்வதால் தூரத்து ஊரில் ஏர் நின்றுபோவதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

19ஆம் நூற்றாண்டில் அந்தக் கடலின் வெப்பத்தை யார் அளந்தார்கள்? கப்பல்காரர்கள். 1853இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த மாநாட்டில் கப்பல் நாட்குறிப்புகளுக்குப் பொது முறை ஒன்றை வகுத்தார்கள். வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீரை மேலே இழுத்து, வெப்பமானியை முக்கிப் பார்த்து எழுதுவார்கள். சாலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1875இல் ஹவாயிலிருந்து தஹித்திக்கு, அதாவது நாம் இன்று லா நினா அளக்கும் நடுப்பசிபிக்கை ஒட்டியே போயிருக்கிறது. இப்படிச் சேர்ந்த லட்சக்கணக்கான அளவுகளை இன்று கணினியில் ஏற்றி, பழைய கடலை மாதவாரியாக மீட்டிருக்கிறார்கள்.

தீப்தி சிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட, 1876–78 உலகப் பஞ்சம் பற்றிய ஆய்வை அப்போதுதான் படித்தேன். 1877–78இன் எல் நினோ மிகப் பெரியது என்பதை அது உறுதிப்படுத்தியது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அதற்கு முந்தைய வரி: 1870 முதல் 1876 வரை வெப்பமண்டலப் பசிபிக் தொடர்ந்து குளிர்ந்தே கிடந்தது. தாது ஆண்டின் ஆடியும் ஐப்பசியும் அந்தக் குளிர்காலத்தின் வாலில் விழுகின்றன. அதியமான்கோட்டையில் முதல் மழை பொய்த்ததற்குச் சூடான கடல் காரணமில்லை.

உடனே நம்பவில்லை. வாளியின் மேல் எனக்குச் சந்தேகம். வாளித் தண்ணீர் மேல்தளத்தில் காற்றுபட்டு ஆவியாகும்போது குளிரும் என்பது தெரிந்த குறை. ஏழாண்டுக் குளிர்ச்சி வாளியின் குளிர்ச்சிதானோ? யோசித்தால் நிற்கவில்லை. அதே மாதிரி வாளிகள்தான் 1877இலும் இறங்கின; அப்போது மட்டும் அவை எப்படிச் சூட்டைக் காட்டும்? குறை இருந்தாலும் எல்லா ஆண்டுக்கும் ஒரே பக்கம் சாயும். ஏற்ற இறக்கத்தை அது உண்டாக்காது. கரையிலிருந்த அழுத்தமானிகளுக்கும் வாளிக்கும் உறவே இல்லை. அவையும் இந்த ஏற்ற இறக்கத்தையே சொல்கின்றன.

இந்தப் புள்ளியில்தான் 2016 ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்தில் பெய்தது சுமார் 168 மில்லிமீட்டர். இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 140 ஆண்டுகளில் இல்லாத பொய்ப்பு என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. 140 ஆண்டைக் கழித்துப் பாருங்கள்: 1876. பதிவுகளில் அதைவிடக் குறைந்த வடகிழக்குப் பருவம் தாது ஆண்டின் ஐப்பசி–கார்த்திகைதான். 2016இல் பசிபிக் எப்படி இருந்தது? எல் நினோ ஓய்ந்து மெலிதான லா நினாவுக்குள் போயிருந்தது. அதற்கு முந்தின ஆண்டு, 2015, பெரிய எல் நினோ. அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழகம் இயல்பைவிட 53 சதவீதம் கூடுதல் மழை பெற்றது, சென்னை மூழ்கியது. சூத்திரம் எங்கள் பக்கம் தலைகீழ். எல் நினோ தென்மேற்குப் பருவத்தைக் கெடுத்தாலும் ஐப்பசி மழைக்கு உதவும் போக்குடையது. லா நினாவில் மேகக்கூட்டம் இந்தோனேசியப் பக்கமாகக் குவிவதாலும், வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுகள் பலவும் வடக்கே நகர்ந்துவிடுவதாலும் தமிழகக் கரைக்கு வரும் ஈரம் குறையும். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் இதே அக்டோபர்–டிசம்பரில் ஒரு பருவம் உண்டு. 2020 முதல் 2023 வரை மூன்று குளிர்காலமும் லா நினா நீடித்தபோது அங்கே தொடர்ந்து ஐந்து பருவம் பொய்த்தது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் 2021 குறுக்கே வந்தது. அதுவும் லா நினா. ஆப்பிரிக்கா காய்ந்த அதே பருவத்தில் தமிழகத்தில் 59 சதவீதம் கூடுதல் மழை. 2010ஐப் பார்த்தேன், வலுத்த லா நினா, இங்கே நல்ல மழை. ஆக, குளிர்ந்த பசிபிக் ஐப்பசியைக் காயவைக்கும் என்பது விதி இல்லை, ஒரு சாய்வு. நம் பக்கத்துக் கடலும் பேச்சில் கலந்துகொள்கிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே சூடு ஏறி இறங்குவதை 1999இல் சாஜியும் யமகதாவும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள். இருதுருவ நிலை என்று அதைச் சொல்லலாம். மேற்கு சூடானால் நேர்நிலை, ஐப்பசிக்கு நல்லது. கிழக்கு சூடானால் எதிர்நிலை. 2016இல் கடும் எதிர்நிலை, பசிபிக்கும் குளிர்ச்சி. இரண்டும் ஒரே பக்கம் இழுத்தன. என் வாதத்தை இந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன்: 1876இன் மழையைக் கெடுத்தது குளிர்ந்த கடல் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், சூடான கடல் இல்லை என்று சொல்வேன்.

பாட்டி சொன்னதில் இன்னொரு வாக்கியம் மிச்சமிருந்தது. அடுத்த வருசம் கொட்டோகொட்டுன்னு கொட்டுச்சாம். 1877 ஈசுவர ஆண்டு. எல் நினோ உச்சத்துக்கு ஏறிய ஆண்டு. 1871 முதல் கணக்கிட்ட அகில இந்தியத் தென்மேற்குப் பருவ மழைத் தொடரில் மிகக் குறைந்தது அந்த ஆண்டின் 604 மில்லிமீட்டர். சராசரி ஏறக்குறைய 850. வட இந்தியா காய்ந்தது. பிரேசிலின் சியாராவில் பெருவறட்சி, வட சீனத்தில் கோடிக்கணக்கானோர் பட்டினி, பெருவின் வடகரையில் வெள்ளம். இந்தியப் பெருங்கடலிலும் அந்த ஆண்டு நேர்நிலை, அதுவும் பதிவுகளிலேயே மிக வலுத்தது. இரண்டு கடலும் சேர்ந்து ஐப்பசியை நம் பக்கம் தள்ள வேண்டும். தள்ளவும் செய்தன: சென்னை மாகாணத்தில் புரட்டாசிக்குப் பிறகு மழை பிடித்தது, நிவாரண முகாம்களின் கூட்டம் கரையத் தொடங்கியது. உடம்பில் சத்தில்லாதவர்களை அந்த ஈரத்தில் பரவிய மலேரியாக் காய்ச்சல் அடித்துக்கொண்டு போனது. ஏர் பூட்ட ஆளில்லை என்று பாட்டி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி.

ஏழாண்டுக் குளிர்ச்சிக்கும் அந்த எல் நினோவுக்கும் ஓர் உறவு இருப்பதையும் 2018 ஆய்வு சுட்டுகிறது. குளிர்ந்த ஆண்டுகளில் காற்று தள்ளித் தள்ளி மேற்குப் பசிபிக்கில் சூட்டைச் சேமித்துவைத்தது. காற்று தளர்ந்ததும் சேமிப்பு மொத்தமும் ஒரே மூச்சில் கிழக்கே வந்தது. உலகம் முழுக்கப் பரவிய 1877இன் பஞ்சத்துக்கும், அதற்கு ஓராண்டு முன்பே தென்னிந்தியாவில் தொடங்கிய பஞ்சத்துக்கும் அடியில் இருப்பது ஒரே கடலின் இரண்டு முகம். உலக வரலாறு இரண்டாவது முகத்தின் பேரால் அதைக் குறித்துவைத்தது. இங்கிருந்தவர்கள் முதல் முகத்தின் ஆண்டைப் பேராக வைத்தார்கள். ஈசுவர ஆண்டிலும் செத்தவர்கள் ஏராளம். இருந்தும் யாரும் அதை ஈசுவர வருஷப் பஞ்சம் என்று சொல்லவில்லை.

1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய பாதை ரயில் விட்டார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவருவதற்காகப் போட்ட பாதை அது. 1941இல் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தடத்தைத் தேடிப் போன அன்றைக்கு அதியமான்கோட்டைக்கும் போனேன். அஷ்டமி இல்லாததால் கோயில் பக்கம் கூட்டமில்லை. பாட்டியிடம் கேட்டேன்: “ஐப்பசி பேயலன்னு சொன்னீங்களே, அது தாது ஐப்பசியா, அடுத்த வருஷ ஐப்பசியா?”

“தாது ஐப்பசிதான். அடுத்த ஐப்பசிலதான் பேஞ்சுச்சே, சொன்னேனே” என்றார், பாடத்தைக் காதில் வாங்காத பையனிடம் பேசுவதுபோல.

வட்டத்துக்குள் இருந்த 1877ஐ அழித்தேன். குறிப்பேட்டின் மேலட்டையில் புதிதாக எழுதியது: தாது ஆடி முதல் ஈசுவர ஐப்பசி வரை.